வரத்து எழுதாத கணக்கு: முனைவர் பட்டங்களும் தேசியப் புள்ளிவிவரமும்

1

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்குக் காலையில் பேப்பரைப் பிரித்ததும் கண் தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. பாபநாசம் அணை, உச்ச அளவு 143 அடி. மணிமுத்தாறு, 118 அடி. எதிரே மூன்று எண்கள்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். எழுத்து தெரியாத சம்சாரியும் டீக்கடையில் அடுத்தவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். மட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. வரத்து தெரியாமல், பிசானத்துக்குத் தண்ணி காணுமா காணாதா என்று எவரும் சொல்ல முடியாது. வந்தது இவ்வளவு, விட்டது இவ்வளவு, நிற்பது இவ்வளவு என்றால் மிச்சம் எங்கே போச்சு என்ற கேள்வியை மூன்று எண்களும் இருந்தால்தான் கேட்கவே முடியும்.

இந்தியாவில் முனைவர் பட்ட ஆய்வாளர்களை அரசு எண்ணுகிற முறையில் மட்டம் உண்டு, வெளியேற்றம் உண்டு. வரத்து இல்லை. ஆகவே கசிவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் ஆய்வுக்குப் பதிவு செய்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நடுவழியில் நின்றார்கள், யார் நின்றார்கள் என்பது தேசியப் புள்ளிவிவரத்தின் முகப்பு எண்களில் எங்கும் இடம்பெறுவதில்லை. இதை ஒரு தொழில்நுட்பக் குறைபாடு என்று சொல்லித் தாண்டிப்போய்விட முடியாது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

2

முதலில் எண்கள். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2010-11ஆம் ஆண்டுத் தரவோடு தொடங்கியது. அதற்கு முன் நாட்டில் மொத்தம் எத்தனை உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன என்பதற்கே முழுமையான பட்டியல் கிடையாது. ஆகவே இந்தக் கணக்கெடுப்பு ஒரு முன்னேற்றம்தான், அதை மறுப்பதற்கில்லை. அதன் அறிக்கைகளின்படி 2016இல் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 28,779 பேர். 2017இல் 34,400. 2018இல் 40,813. 2019இல் 38,986. ஆய்வில் இருப்பவர்களின் எண்ணிக்கை 2014-15இல் 1,17,301. 2018-19இல் 1,69,170. அடுத்த ஆண்டே 2,02,550. 2021-22இல் 2.12 லட்சம், அதாவது ஏழாண்டில் 81 சதவீத உயர்வு.

இந்த எண்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்க வேண்டும். 2016க்கும் 2018க்கும் இடையில் பட்டங்கள் 42 சதவீதம் கூடியிருக்கின்றன. யு.ஜி.சி.யின் 2016ஆம் ஆண்டு விதிப்படி ஆய்வுக்காலம் குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஆறாண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் இரண்டாண்டு சலுகை உண்டு. அப்படியானால் 2018இல் பட்டம் வாங்கியவர்கள் 2010க்கும் 2015க்கும் இடையில் பதிவு செய்தவர்கள். அந்த ஆண்டுகளில் பதிவு அப்படிக் கூடியதா? அல்லது முன்பு விவரம் அனுப்பாமலிருந்த நிறுவனங்கள் அனுப்பத் தொடங்கினவா? இரண்டில் எதுவென்று அறிக்கையை வைத்துக்கொண்டு சொல்ல வழியில்லை. ஆய்வு வளர்ந்ததா, ஆய்வைப் பற்றிய படிவம் நிரப்புவது வளர்ந்ததா என்று பிரிக்க முடியாத ஒரு எண்ணை நாம் வளர்ச்சி என்று வாசிக்கிறோம்.

இன்னொன்று. 2018-19இலிருந்து 2019-20க்குள் மட்டம் 33,380 உயர்ந்திருக்கிறது. அதே சமயத்தில் ஏறத்தாழ 39 ஆயிரம் பேர் பட்டத்தோடு வெளியேறியிருக்கிறார்கள். இரண்டு கணக்கின் காலமும் அச்சாகப் பொருந்தாது என்றாலும், சுமாராகப் பார்த்தால் அந்த ஓராண்டில் குறைந்தது 72 ஆயிரம் பேர் புதிதாக உள்ளே வந்திருக்க வேண்டும். அதுவும் ஒருவர்கூட நடுவில் நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டால். பத்தாயிரம் பேர் நின்றிருந்தால் வந்தவர்கள் 82 ஆயிரம். முப்பதாயிரம் பேர் நின்றிருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல். மூன்றுமே அச்சான எண்களோடு முரண்படாமல் பொருந்திப்போகும். எது நடந்திருந்தாலும் பிசிறில்லாமல் பொருந்திப்போகிற கணக்கை என்னவென்று சொல்வது?

3

இந்த எண் எங்கே பிறக்கிறது என்று பார்க்க ஆற்றோரக் கிராமத்துக் கணக்கிலிருந்து தொடங்குவது உதவும். ஏ.ஜே. ஸ்டூவர்ட் 1879இல் தொகுத்த திருநெல்வேலி மாவட்டக் கையேடும், ஹெச்.ஆர். பேட் 1917இல் எழுதிய மாவட்ட கெசட்டியரும் நம் வரலாற்றாய்வாளர்களின் கைவிளக்குகள். நன்செய் எத்தனை ஏக்கர், கார் எவ்வளவு, பிசானம் எவ்வளவு என்று அவற்றில் அடுக்கிவைத்திருக்கிற வேளாண் எண்களின் அடிவேர் கிராமக் கர்ணத்தின் ஏட்டில் இருந்தது. தீர்வை கட்டுகிற நிலம் எவ்வளவு என்பதில் சர்க்காருக்கு அக்கறை இருந்தது. ஆகவே அந்தப் பத்தியை ஜமாபந்தியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தீர்வையோடு சம்பந்தமில்லாத பத்திகளை யாரும் பார்க்கவில்லை. அவற்றில் கர்ணம் எழுதியதுதான் கணக்கு. பரம்பரைக் கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980இல் ஒழிக்கப்பட்டது. அந்த எழுத்துமுறை ஒழிந்ததா என்பது வேறு கேள்வி.

ஒரு எண் எவ்வளவு துல்லியம் என்பது அதைக் கேட்கிறவருக்கு அதனால் என்ன ஆக வேண்டியிருக்கிறது, அதை எழுதுகிறவருக்கு அதனால் என்ன கிடைக்கும் அல்லது என்ன போகும் என்பதைப் பொறுத்தது. கர்ணத்தின் ஏடு கற்றுத்தருகிற பாடம் இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உயர்கல்விக் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை, எந்தக் கல்லூரியிலும் இது நடக்கும். முப்பது வருசம் சர்வீஸ் போட்ட எழுத்தர் அவர். கை வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, முனைவர் பட்டப் பத்தியில் வந்து நின்றது.

“சார், நம்ம ரிசர்ச் சென்டர்ல இருக்கிற பிள்ளையள நம்ம கணக்குல போடவா, யுனிவர்சிட்டி கணக்குல விட்டுறவா?”

“யுனிவர்சிட்டியில என்ன சொன்னாங்க?”

“அவங்க ஒண்ணும் சொல்லல. ரெண்டு எடத்துலயும் இருந்துட்டுப் போகட்டும்.”

“இதுல பாதிப் பேரு வர்றதே இல்லையே அண்ணாச்சி.”

“ரிஜிஸ்டர்ல பேரு இருக்குல்லா, அப்ப இருக்காவன்னுதான அர்த்தம்? கேன்சல் ஆனாத்தான போனதா ஆவும். நான் போன வருசம் போட்டதுல ரெண்டு கூட்டிப் போட்டிருதேன். கொறஞ்சா மேல கேப்பாவ, கூடினா யாரு கேக்கா?”

அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தேசியப் புள்ளியியல் முறை பற்றி நான் வாசித்த பல கட்டுரைகளைவிட அந்தக் கடைசி வாக்கியத்தில் விஷயம் அதிகம். குறைந்தால் கேள்வி, கூடினால் மௌனம். இந்த விதி ஆயிரக்கணக்கான மேசைகளில் ஒரே நேரத்தில் வேலை செய்தால் வருகிற கூட்டுத்தொகை எந்தப் பக்கம் சாயும் என்பதற்குக் கணித மேதை வேண்டாம். 2021-22 கணக்கெடுப்பில் 45,473 கல்லூரிகளில் 42,825 கல்லூரிகள் விவரம் தந்தன என்று அறிக்கை சொல்கிறது. நல்ல விகிதம்தான். ஆனால் தரவு வந்து சேர்ந்தது என்பதும் தரவு சரிபார்க்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல.

4

எண் கூடுவதற்கு இன்று காரணங்கள் கூடியிருக்கின்றன. 2016இலிருந்து வெளிவருகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் எத்தனை பேருக்கு முனைவர் பட்டம் தந்தீர்கள் என்பதற்கு மதிப்பெண் உண்டு. ஆசிரியர்களில் எத்தனை பேர் முனைவர் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. 2018இல் யு.ஜி.சி., பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2021 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயம் என்றது. பிறகு தள்ளிவைத்தது. 2023இல் கட்டாயமில்லை, நெட், செட் போதும் என்றது. 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது. 2019-20இல் மட்டம் திடீரென்று உயர்ந்ததற்கும் 2018 விதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகமாகவே வைக்கிறேன். ஏனென்றால் அதை நிரூபிக்கத் தேவையான ஒரே எண், ஆண்டுவாரியான புதிய பதிவு, அதுதான் நம்மிடம் இல்லை.

சரிபார்க்கிறபோது என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2018 ஜனவரியில் 2016-17 அறிக்கையை வெளியிட்ட அன்றைய மனிதவள அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர், ஆசிரியர்களின் ஆதார் எண்களை ஒப்பிட்டதில் 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆவி ஆசிரியர்கள் தெரியவந்ததாகச் சொன்னார். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களை ஒப்பிட்டு, 224 கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருப்பதாக வெளியிட்டது. ஒரே ஆள் பல கல்லூரிகளில் என்றால், அவர் கையில் இருக்கிற பட்டமும் பல கல்லூரிகளில் எண்ணப்படுகிறது. 2025 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, நிறுவனங்கள் தாமாகத் தருகிற தரவு சரிபார்க்கப்படுவதில்லை என்ற பொதுநல வழக்கில் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடை நிலைக்கவில்லை. செப்டம்பரில் பட்டியல் வந்தது.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு முக்கியம். முதலாவதில் அரசு தன் ஆதார் கண்ணால் பார்த்து, ஒரு மொத்த எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்தது. இரண்டாவதில் வெளியே இருந்தவர்கள் பெயர்ப் பட்டியலை வரிவரியாக ஒப்பிட்டார்கள். மொத்த எண்ணைக் கேள்வி கேட்க முடியாது. பட்டியலைக் கேட்க முடியும்.

5

திருநெல்வேலி இதுவரை எத்தனை முனைவர்களைத் தந்திருக்கிறது என்று கேட்டால் அதற்கும் விடை கிடைக்காது. 1966 வரை இங்கே ஆய்வு செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. 1966இலிருந்து மதுரைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்த பிறகு அபிஷேகப்பட்டிக் கணக்கு. அந்தக் கணக்கிலும் நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மூன்றும் ஒன்றாக. மாவட்டமோ 1910இல் ராமநாதபுரத்துக்குக் கொஞ்சம் கொடுத்தது, 1956இல் செங்கோட்டையை வாங்கியது, 1986இல் தூத்துக்குடியைப் பிரித்துக்கொடுத்தது, 2019இல் தென்காசியைக் கொடுத்தது. நூறாண்டுத் தொடர் என்று எதை வைத்தும் கோடு போட முடியாது.

மாநில அளவிலும் இதே கதைதான். தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2019-20 அறிக்கையில் 51.4. அடுத்த அறிக்கையில் 46.9. நடுவில், வகுக்கிற மக்கள்தொகை மதிப்பீட்டின் அடித்தளம் 2001 கணக்கெடுப்பிலிருந்து 2011 கணக்கெடுப்புக்கு மாறியது. இரண்டையும் நேராக ஒப்பிடவே கூடாது. ஆனால் முதலாவதை வைத்துப் பெருமை பேசியவர்களும் இரண்டாவதை வைத்துச் சரிவு என்று கூவியவர்களும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். அந்த 2011 மதிப்பீடும் பழசாகிவிட்டது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குப் போய்விட்டது.

பட்டம் எந்த ஆண்டுக் கணக்கு என்பதும் அவ்வளவு எளிதல்ல. ஏடு கொடுத்த நாள் ஒன்று, வாய்மொழித் தேர்வு முடிந்த நாள் ஒன்று, பட்டமளிப்பு மேடை ஒன்று. 2023இல் ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பட்டமளிப்புக்காகக் காத்திருப்பதாக அன்றைய உயர்கல்வி அமைச்சர் சொன்னார். 2025 ஆகஸ்டில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மேடையில் ஓர் ஆய்வாளர் ஆளுநரைத் தாண்டிப்போய்த் துணைவேந்தரிடம் பட்டத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டதை நாடே பார்த்தது. புள்ளிவிவரத்தில் அதுவும் ஒன்று என்றுதான் விழும்.

6

இங்கே ஒரு மறுப்பு வரும். எண்ணைச் சரிசெய்துவிட்டால் போதுமா, எண்ணுவதே அதிகாரத்தின் வேலைதானே என்று. பெர்னார்ட் கோன் குடிக்கணக்கைப் பற்றியும், அர்ஜுன் அப்பாதுரை 1993இல் காலனியக் கற்பனையில் எண்ணின் இடத்தைப் பற்றியும் எழுதியதை ஒட்டி, சிறுபத்திரிகைச் சூழலில் நாம் ஓயாமல் பேசியிருக்கிறோம். அரசு எண்ணுகிறது, எண்ணுவதன் வழியாக நம்மை வகைப்படுத்துகிறது, ஆள்கிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த வாசிப்பு அரசுக்கு ஒரு முழுக் கண்ணைக் கொடுத்துவிடுகிறது. முனைவர் பட்டக் கணக்கில் நாம் காண்பது வேறு. இங்கே எண்ணாமல் விடுவதே அதிகாரத்தின் வேலை. இரண்டு லட்சம் என்று சொல்ல அதற்கு எண் வேண்டும். நின்றுபோனவர் எத்தனை என்று சொல்லாமலிருக்க அந்த எண் இல்லாமலிருக்க வேண்டும்.

நின்றவர்கள் யார்? முழுநேர ஆய்வாளர்களில் எல்லாருக்கும் உதவித்தொகை கிடையாது. 2005-06இல் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கென்று வந்த ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை பலருக்கு வாசலைத் திறந்தது. அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள் அதைவிட அதிகம். பகுதிநேரமாகப் பதிந்துவிட்டுத் தனியார் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்கு உழைப்பவர், கல்யாணத்துக்குப் பிறகு ஊர் மாறிப் போன பெண், நெறியாளரோடு மனத்தாங்கல் வந்து பேச்சு நின்றுபோனவர், வருசா வருசம் கட்டணம் கட்ட முடியாமல் விட்டவர். ஒவ்வொருவரையும் நம் ஊரில் ஒவ்வொரு தெருவில் நமக்குத் தெரியும். தேசத்துக்குத் தெரியாது. 2019இல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 17,409 பேர், அதாவது கிட்டத்தட்ட 45 சதவீதம். 2021-22இல் ஆய்வில் இருந்த பெண்கள் 98,636 பேர். மகிழ்ச்சிதான். ஆனால் சேர்ந்த அந்தப் பெண்தான் பட்டம் வாங்கினாளா என்று தொடர்கிற கண்ணி நடுவில் இல்லை. சேர்க்கையில் சாதிவாரிக் கணக்கு உண்டு. ஆனால் சேர்ந்த தலித் மாணவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு எத்தனை என்று அந்தக் கணக்கிலிருந்து வருவிக்க முடியாது. இடஒதுக்கீடு வாசலில் நிறைவேறியதைச் சொல்கிற எண், உள்ளே போனவர்களுக்கு என்ன ஆச்சு என்று சொல்லவில்லை. இடஒதுக்கீட்டுக்காக வாதாடுகிற நாமும் அந்த வாசல் எண்ணையே மேற்கோள் காட்டித் திருப்தியடைகிறோம்.

வேறு தேசங்களில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதல்ல. அமெரிக்காவில் 1957இலிருந்து முனைவர் பட்டம் பெறுகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறார்கள்: எத்தனை ஆண்டு ஆச்சு, பணம் எங்கிருந்து வந்தது, தாய் தகப்பன் என்ன படித்தார்கள். அதுவும் முடித்தவர்களைத்தான் கேட்கிறது. நின்றவர்களைத் தெரிந்துகொள்ள அங்கே 2004 வாக்கில் தனியாக ஒரு ஆய்வுத் திட்டம் தேவைப்பட்டது. அதில் பங்கெடுத்த பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களில் பத்தாண்டு முடிவில் பட்டம் பெற்றவர்கள் 57 சதவீதம்தான் என்று தெரிந்தது. அந்த எண் வந்த பிறகுதான் நின்றவர்களின் திறமையைக் குறைசொல்வது குறைந்து, துறைகள் அவர்களை எப்படி நடத்தின என்ற கேள்வி பேச்சுக்கு வந்தது.

7

எண்ணிக்கையால் ஆய்வை அளக்கவே முடியாது என்பதற்கும் இந்த ஆற்றங்கரையே சாட்சி. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கி, நெல்லை ஆய்வுக் குழுவைப் பாளையங்கோட்டையில் நடத்தியபோது அதில் வாசிக்கப்பட்ட கட்டுரைகள் எந்தப் பட்டத்துக்காகவும் எழுதப்பட்டவையல்ல. அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. சம்பந்தர் காலத்தைக் கல்வெட்டு வழியாக வரையறுக்க முயன்ற பெ. சுந்தரம் பிள்ளை எம்.ஏ. பட்டதாரி. முனைவர் பட்டம் இல்லாத அவர் பெயரில்தான் இன்று இங்கே முனைவர் பட்டம் வழங்கப்படுகிறது. மறுபக்கம், தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக எழுதப்பட்ட ஏடுதான். 1989இல் பல்கலைக்கழகமே அதை வெளியிட்டது. கணக்கில் அதுவும் ஒன்று, ஒட்டிச் சேர்த்த ஏடும் ஒன்று. ஆகவே பட்டம் வேண்டாம் என்பதோ, பட்டம் இருந்தால் போதும் என்பதோ அல்ல விஷயம். தரத்தைச் சொல்ல முடியாத எண், குறைந்தபட்சம் தான் எண்ணுவதையாவது ஒழுங்காக எண்ண வேண்டும்.

செய்யக்கூடியது ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் இப்படிக் கேட்கலாம்: 2010இல் ஆய்வுக்குப் பதிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இன்றுவரை பட்டம் பெற்றவர், பதிவு ரத்தானவர், நீட்டிப்பு வாங்கியவர், தகவலே இல்லாதவர் எத்தனை பேர்? துறைவாரியாக, ஆண் பெண் வாரியாக, சமூகப் பிரிவுவாரியாக, முழுநேரம் பகுதிநேரம் வாரியாக, உதவித்தொகை இருந்தது இல்லாதது வாரியாக. பிறகு 2011, 2012 என்று. தனி நபர் பெயர் எதுவும் வேண்டாம். பதிவு செய்த ஆண்டை வைத்துக் கேட்பதுதான் முக்கியம், அறிக்கை ஆண்டை வைத்துக் கேட்டால் மறுபடியும் மட்டத்தைத்தான் எழுதித் தருவார்கள். வருகிற பட்ட எண்ணிக்கையை, 2009 விதிக்குப் பிறகு ஆய்வேடுகளை ஏற்றிவைக்கிற சோத்கங்கா களஞ்சியத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிற ஏடுகளோடு ஒப்பிடலாம். ஐந்தாறு நண்பர்கள், ஒரு வருடம் போதும். அபிஷேகப்பட்டியிலிருந்து தொடங்கலாம்.

தகவல் இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். அந்த மேசையில் வரத்தை யாரும் இதுவரை கேட்கவில்லை என்பதற்கு அதுவே எழுத்துமூலமான சாட்சி.